வருஷத்துக்கு ஒரு நூல்

மார்கழி 28, சனி

இன்று அம்பாளுக்குத் தைப் பாவாடை வெட்டினேன். மயில்கழுத்து நிறப் பட்டு, அரக்குக் கரை. மேலத்தெரு மளிகைக்கடைக்காரர் மகளுக்கு நிச்சயமானதற்காகக் கொடுத்த புடவை. வெட்டும்போது கத்தரி தானாகவே போனது.

என் கஸ்டமர்களிலேயே எனக்குப் பிடித்தவள் இந்தச் சோலைக்குழலி அம்மன்தான். உயரம் இரண்டேகால் அடி, ஐம்பொன். கை இறுக்குகிறது என்று திருப்பிக் கொண்டுவர மாட்டாள். தீபாவளிக்கு முந்தின நாள் துணியைத் தூக்கிக்கொண்டு வந்து உயிரை வாங்க மாட்டாள். இருபத்தாறு வருஷமாகத் தைக்கிறேன், ஒரு தடவைகூட அவளைத் தொட்டதில்லை. தொடுவது குருக்களய்யா மட்டும்தான். அவரும் அலங்காரம் முடித்துத்தான் திரையை விலக்குவார். ஊரில் எல்லாருக்கும் அவள் முகமும் இரண்டு கையும்தான் தெரியும். மீதி என் பாவாடை.

முதல் தடவை தைத்தபோது குருக்களய்யா ஒரு வெள்ளை நூல் கொண்டுவந்து கொடுத்தார். இடுப்புச் சுற்றளவுக்கு ஒரு முடிச்சு, இடுப்பிலிருந்து பாதத்துக்கு இரண்டு முடிச்சு. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு ஆல்டரேஷன் வந்ததில்லை. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் நாட்குறிப்பில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

மத்தியானம் மிஷின்மேல் தலை வைத்துக் கொஞ்சம் கண் அசந்தேன். அம்பாள் கடைக்குள் வந்து அளவு எடுப்பதற்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கடை முழுக்கத் தாழம்பூ வாசனை. டேப்பைத் தேடுகிறேன், தேடுகிறேன், கிடைக்கவில்லை. அவளும் கையை இறக்கவில்லை. விழித்தபோது கன்னத்தில் மிஷின் தகட்டின் அச்சு.

தை 1, செவ்வாய்

பொங்கல். பாவாடையை மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தேன். குருக்களய்யா இரண்டு கையாலும் வாங்கி, "தமயந்தி, பட்டு கண்ணைப் பறிக்கறதே" என்றார். சர்க்கரைப் பொங்கலில் நெய் கொஞ்சம் தூக்கல்.

தை 4, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

தை முதல் வெள்ளி. தலைக்குக் குளித்து, ஆறு மணிக்கெல்லாம் கோயிலுக்குப் போனேன். வயலிலிருந்து பனி அப்படியே மதில் ஏறி உள்ளே வந்திருந்தது. கொடிமரம் பாதிதான் தெரிந்தது. அம்பாள் என் பாவாடையைக் கட்டிக்கொண்டு நிற்பதை முதலில் நான்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. வருஷா வருஷம் அந்த ஆசை.

உற்சவர் அறை வாசலில் குருக்களய்யா உட்கார்ந்திருந்தார். பூட்டு திறந்த பூட்டாக அவர் மடியில் கிடந்தது. பக்கத்தில் பூக்கார கோகிலம் கூடையை இறக்காமலே நின்றுகொண்டிருந்தாள்.

"அம்பாளைக் காணோம், தமயந்தி" என்றார். பிள்ளையைச் சந்தையில் தொலைத்தவர்கள் சொல்வார்களே, அந்தக் குரல். நான் எட்டிப் பார்த்தேன். பீடம் மட்டும் இருந்தது. பீடத்தின்மேல் நேற்றைய மாலை. மாலையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூக்கியிருக்கிறார்கள். முந்தின ராத்திரியே சாத்தியிருந்த என் பாவாடையோடு போய்விட்டாள்.

கோகிலம்தான் முதலில் அழுதாள். நான் வீட்டுக்கு வந்து, தைப்பதற்கு இருந்த இரண்டு ஜாக்கெட்டை முடித்தேன். இரண்டிலும் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

தை 5, சனி

இன்ஸ்பெக்டர் ஜெபமணி வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறது. ஆனால் நம் ஊர் அவரைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

"சிலைக்கு அடையாளம் சொல்லுங்க" என்றார்.

"சிரிச்ச முகமா இருப்பா சார். சிவப்புக்கல் மூக்குத்தி" என்றாள் கோகிலம்.

"மயில்கழுத்துப் பட்டு" என்றேன் நான்.

"அதெல்லாம் கழட்டிருவாங்கம்மா. துணி, நகை, பூ எதுவும் இல்லாம எப்படி இருக்கும்?"

கூட்டம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டது. மளிகைக்கடைக்காரர், "வாயக் கழுவுங்க சார்" என்றே சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கோயில் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அதிலும் ஒட்டியிருக்கிற போட்டோ முழு அலங்காரத்தில். உயரம் அறுபத்தெட்டு சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறது. அதற்குமேல் ஒரு எழுத்து இல்லை.

அலங்காரம் இல்லாமல் அவளைப் பார்த்திருக்கிற ஒரே ஆள் குருக்களய்யா. பூட்டு உடையவில்லை, சாவி அவரிடம்தான் இருந்தது. இந்த இரண்டையும் இன்ஸ்பெக்டர் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

தை 8, செவ்வாய்

குருக்களய்யாவைத் தினமும் காலையில் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள். பெண்டாட்டி போய்ப் பத்து வருஷம் ஆகிறது, சாப்பாடு அவரேதான் பொங்கிக்கொள்வார். இந்த நாலு நாளாகப் பொங்கினாரா தெரியவில்லை. வேட்டி கசங்கியிருந்தது. அவர் வேட்டி கசங்கி நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்றால், தையல்காரி கண்ணுக்கு அதெல்லாம் தானாகத் தெரியும், அவ்வளவுதான்.

தை 13, ஞாயிறு

மத்தியானக் கனவு. அம்பாள் வாய்க்கால் கரையில் நடந்து போகிறாள். ஒரு கையால் பாவாடையை இடுப்பில் பிடித்துக்கொண்டே போகிறாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டாள் என்று புரியவில்லை. டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

தை 17, வியாழன்

கிடைத்துவிட்டது, கிடைக்கவில்லை. இரண்டும்தான்.

கிழக்கே எட்டு மைலில் ஒரு வாய்க்கால் மதகு. தூர் எடுக்கப் போனவர்கள் கையில் ஒரு கோணி மூட்டை தட்டுப்பட்டிருக்கிறது. பிரித்தால் அம்மன் சிலை. எங்களை வேனில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள், இருபது பேர் இருப்போம்.

மேஜைமேல் சேறு கழுவி நிற்கவைத்திருந்தார்கள். துணி இல்லை, நகை இல்லை, கண்ணில் மை இல்லை. கறுத்து, மெலிந்து, தோள் எலும்பு தெரிகிற மாதிரி ஒரு பெண். முதலில் பார்த்ததும் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகு ஒவ்வொருவராக ஓரக்கண்ணால் பார்த்தோம்.

"இது நம்ம அம்பாள் இல்ல" என்றார் மளிகைக்கடைக்காரர். "நம்மாள் முகம் இன்னும் உருண்டையா இருக்கும்."

"சிரிப்பே இல்லையே" என்றாள் கோகிலம்.

குருக்களய்யாவை ஓரமாக உட்காரவைத்திருந்தார்கள். அவர் எழுந்து, "அவதான். முப்பது வருஷமா அபிஷேகம் பண்றேன், எனக்குத் தெரியாதா? அவளுக்கு ஒரு துண்டாவது போத்துங்கோளேன்" என்றார். யாரும் அசையவில்லை. சந்தேகத்தில் இருக்கிறவர் பேச்சு எடுபடாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார்.

திரும்பி வரும்போது வேனிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. குருக்களய்யா அசலை எப்போதோ விற்றுவிட்டு, நகலை வார்த்து வைத்திருந்தாராம். குட்டு உடைகிற சமயம் பார்த்து அதையும் வாய்க்காலில் போட்டுவிட்டாராம். பேசியவர்கள் எல்லாரும் அவர் கையால் விபூதி வாங்கியவர்கள்தான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தை 19, சனி

இன்ஸ்பெக்டர் கடைக்கே வந்துவிட்டார். "டெய்லரம்மா, உங்ககிட்ட அளவு நோட்டு இருக்குமே" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். நோட்டைப் பிரித்துக் காட்டினேன். அம்பாள், தை, இடுப்பு பத்தேகால்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "கிடைச்ச சிலைக்கு ஒன்பதேகால். ஒரு இஞ்ச் வித்தியாசம். உலோகம் இளைக்காதே?"

"இளைக்காது சார்."

"உங்க அளவு தப்பா இருக்க வாய்ப்பு உண்டா?"

நோட்டில் இருப்பதைச் சொன்னேன். நோட்டில் இருப்பதைத்தானே சொல்ல முடியும்?

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "குருக்கள்கிட்டயும் இதையேதான் கேட்டேன். தமயந்தி தைச்சது என்னிக்கும் சரியாத்தான் இருக்கும், அதில குத்தம் சொல்லப்படாதுன்னுட்டார்."

சாயங்காலம் குருக்களய்யாவைக் கைது செய்துவிட்டார்கள் என்று கோகிலம் வந்து சொன்னாள்.

தை 20, ஞாயிறு

மூன்று ஜாக்கெட் தைத்தேன். ஒரு தலையணை உறை.

தை 22, செவ்வாய்

அம்பாள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை வெட்டுமேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டினாள். பாவாடை தரையில் கிடந்தது. "ரொம்பப் பெருசு" என்றாள். சின்னப் பெண் குரல். வெட்கத்தில் நான் அழுதுவிட்டேன். விழித்த பிறகும் அழுகை நிற்கவில்லை.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

நூல் என்னிடம் இல்லை. எட்டு வருஷமாக இல்லை. அம்மா செத்த வாரம் வீட்டைக் கூட்டிப் பெருக்கியவர்கள் வெட்டுத்துணியோடு சேர்த்து அதையும் வாரிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அதுவரைக்கும் நான் டேப்பால் அளந்ததே இல்லை, நூலைக் காகிதத்தின்மேல் வைத்து வெட்டி, அந்தக் காகிதத்தைத் துணிமேல் போட்டு வெட்டுவேன். கேட்டிருந்தால் குருக்களய்யா ஒரு நிமிஷத்தில் இன்னொரு நூலில் முடிச்சுப் போட்டுத் தந்திருப்பார். ஆனால் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவர் யாரிடமோ, "தமயந்தி கையில ஒரு சாமான் தொலையாது" என்று சொன்னதைக் கேட்டிருந்தேன். அதைக் கேட்ட பிறகு எப்படிப் போய்த் தொலைந்துவிட்டது என்று சொல்வது?

அதனால் முந்தின வருஷத்துக் காகித வெட்டை வைத்துத் தைத்தேன். காகிதம் கிழியும், அதை வைத்து அடுத்த வருஷம் புதிது வெட்டுவேன். இறுக்கிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் கூட விடுவேன். ஒரு நூல் என்றால் எங்கள் கணக்கில் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. நோட்டையும் வருஷா வருஷம் மாற்றிவிடுவதால் பழைய அளவோடு ஒத்துப் பார்க்கவும் வழியில்லை.

எட்டு வருஷம், எட்டு நூல். முழுசாக ஒரு இஞ்ச்.

சிலை சரி. நோட்டுதான் தப்பு. நான்தான் தப்பு. என்னால் ஒரு மனிதர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

தை 23, புதன்

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். "அம்மா, நீங்க அவர் மேல பரிதாபப்பட்டு இப்ப மாத்திச் சொல்றீங்கன்னு கோர்ட்ல கேப்பாங்க. அப்ப என்ன காட்டுவீங்க?" என்றார்.

காட்ட என்னிடம் எதுவும் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

தை 24, வியாழன்

பள்ளிக்கூடத்து டீச்சர் பூங்கோதை ஜாக்கெட் வாங்க வந்தாள். நான் கேட்ட கேள்வி எனக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "டீச்சர், கல்யாணத்துக்கு முன்னாடி அம்பாள் பாவாடை வாங்கினீங்களே, இருக்கா?"

சாத்திக் களைந்த பாவாடையை வரன் தேடுகிற பெண்களுக்கும் பிள்ளைக்கு ஏங்குகிறவர்களுக்கும் குருக்களய்யா பிரசாதமாகக் கொடுப்பார். அதை யாரும் எறிய மாட்டார்கள். டீச்சர் வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தினது, கிளிப்பச்சை. சட்டத்தைப் பிரிக்கச் சொன்னேன். டீச்சர் புருஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இடுப்புப் பட்டியைத் திருப்பினேன். பின்பக்கம், நடுக் கொசுவத்துக்குள், இரண்டு சின்ன ஓட்டை. ஊக்கு குத்தின ஓட்டை. பட்டில் குத்தினால் ஆறாது.

டேப்பை எடுத்தேன். பட்டி முழு நீளம் பத்து. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் முக்கால். கழித்தால் ஒன்பதேகால்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குருக்களய்யாவுக்குத் தெரியும். எத்தனையோ வருஷமாகத் தெரியும். மடித்து, கொசுவம் கோணாமல், என் தையல் கெடாமல், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் குத்தியிருக்கிறார். திரையை விலக்கிவிட்டு, "தமயந்தி, பொருத்தமா இருக்கு பாரு" என்று எனக்கே காட்டியிருக்கிறார்.

டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

தை 26, சனி

வீடு வீடாக அலைந்தேன். துணியைப் பார்த்தாலே எந்த வருஷம் என்று எனக்குத் தெரியும். ஒன்று அரிசிப் பானைக்குள் இருந்தது, குறையாமல் இருக்க வேண்டுமாம். ஒன்று தொட்டில் கயிற்றில் சுற்றியிருந்தது, பிள்ளை கத்தக் கத்த அவிழ்த்துக் கொடுத்தார்கள். ஒன்றைப் பக்கத்து ஊருக்குப் போய் வாங்கிவந்தேன். கோகிலம் பெட்டியிலேயே ஒன்று இருந்தது. இந்த வயதில் உனக்கு எதற்கு என்று கேட்டேன். "நீ மட்டும் வாங்கவே இல்லையே, ஏன்?" என்று திருப்பிக் கேட்டாள். பாவாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

டீச்சருடையதோடு ஐந்து. நூல் தொலைந்த பிறகு தைத்த முதல் இரண்டு வருஷத்துப் பாவாடை கிடைக்கவில்லை, தளர்வும் அப்போது தெரிந்திருக்காது. மூன்றாம் வருஷம் ஓட்டைகளுக்கு நடுவில் மூன்று நூல், நாலாம் வருஷம் நாலு நூல், இப்படியே ஏழு வரைக்கும். எதில் கழித்தாலும் ஒன்பதேகால்.

என் தப்பு வருஷா வருஷம் வளர்ந்ததும், அவர் அதற்குத் தகுந்தபடி மடிப்பை வளர்த்ததும் மேஜைமேல் வரிசையாகக் கிடந்தது. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் பட்டில் பட்டுச் சுவரெல்லாம் பச்சையும் சிவப்பும் ஆடியது. வேலை எதுவும் ஓடவில்லை.

தை 28, திங்கள்

மறுபடி வேன், மறுபடி இருபது பேர். நான்தான் கூப்பிட்டேன். எல்லார் முன்னாலும் சொல்லாவிட்டால் அது சொன்னதாகாது என்று தோன்றியது.

ஸ்டேஷன் மேஜைமேல் அவள் அப்படியே நின்றாள். மணிக்கட்டில் நம்பர் எழுதிய சீட்டுக் கட்டியிருந்தார்கள். ஐந்து பாவாடையையும் பெஞ்சில் விரித்தேன்.

"எட்டு வருஷமா நான் தப்பு அளவுலதான் தைச்சிருக்கேன். அளவு நூலைத் தொலைச்சிட்டேன். சொல்ல வெட்கமா இருந்துச்சு. குருக்களய்யா தெரிஞ்சும் என்னைக் காட்டிக்கொடுக்கல. இப்பவும் காட்டிக்கொடுக்கல, அதுக்குத்தான் உள்ள இருக்கார்."

"அடிப்பாவி" என்றாள் கோகிலம். சத்தமாகத்தான் சொன்னாள். அது எனக்குத் தேவைதான்.

இன்ஸ்பெக்டர் ஜெபமணி தன் டேப்பாலேயே ஓட்டைக்கு ஓட்டை அளந்தார். ஐந்தையும் அளந்து எழுதினார். பிறகு சிலையின் இடுப்பை மறுபடி அளந்தார். டேப்பைச் சுருட்டினார். "போட்டுக் காட்டுங்கம்மா" என்றார்.

நானா? திரும்பிப் பார்த்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் தடவையாக அவளைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது, பிறகு என் கை சூட்டில் கதகதப்பாகிவிட்டது. கிளிப்பச்சையைச் சுற்றி, பழைய ஓட்டையிலேயே ஊக்கைக் குத்தினேன். கையை எடுத்தேன். இறங்கவில்லை, சுழலவில்லை, இடுப்பில் அப்படியே உட்கார்ந்தது. பாதம் வரைக்கும் கொசுவம் நேராக விழுந்தது. கோகிலம் முன்னால் வந்து நெற்றியில் குங்குமம் இட்டாள். கூடையிலிருந்து ஒரு சரம் மல்லிகையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

அவ்வளவுதான். முகம் உருண்டையாகிவிட்டது. சிரித்தாள்.

"அய்யோ, அம்மா!" என்று மளிகைக்கடைக்காரர்தான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அந்தச் சின்ன அறையில் எல்லாரும் ஒரே சமயத்தில் அழுதோம். வாய்க்காலில் கிடந்தவளை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தோமே என்ற வெட்கம்தான் அதில் பாதி.

மாசி 3, வெள்ளி

குருக்களய்யாவை விட்டுவிட்டார்கள். வேறொரு ஊர்க் கோயிலில் இரண்டு பேர் பிடிபட்டிருக்கிறார்கள். மார்கழிக்கு மைக்செட் கட்ட வந்தவர்களாம். குருக்களய்யா குளத்தில் குளிக்கும்போது கரையில் கழற்றி வைத்த சாவியைச் சோப்பில் அழுத்தி எடுத்திருக்கிறார்கள். அம்பாளைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் போலீஸ் ஜீப்பைப் பார்த்துப் பயந்து மதகில் போட்டுவிட்டார்களாம்.

அவர் தெருவில் வரும்போது ஊர் வாசலுக்கு வந்து நின்றது. யாருக்கும் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. நான் கடைக்குள்ளேயே இருந்துகொண்டேன்.

மாசி 17, வெள்ளி

அம்பாள் வந்துவிட்டாள். கும்பம் வைத்து, அபிஷேகம் செய்து, மறுபடி பீடத்தில் ஏற்றியாயிற்று. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். விபூதி வாங்கக்கூட முன்னால் போகவில்லை.

சாயங்காலம் குருக்களய்யா கடைக்கு வந்தார். கையில் மடித்த புடவை, பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்துக்கு. கூறைப் புடவை, அடர்ந்த அரக்கு. மிஷின் பக்கத்தில் வைத்தார். நான் எழுந்து நின்றேன், தலை நிமிரவில்லை.

"குருக்களய்யா, இந்தத் தடவை ஒன்பதேகால்ல சரியா வெட்டிடறேன்" என்றேன். "இத்தனை நாள் தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"சொன்னா நீ திருத்திடுவியே" என்றார். "தினம் காலம்பற அவளுக்கு மடிச்சுக் குத்தறப்போ, இது தமயந்தியோட ஒரு நூல்னு நெனைச்சுப்பேன். சரியா இருந்துட்டா எனக்கு அங்க என்ன வேலை?"

சொல்லிவிட்டு, விடுவிடுவென்று படி இறங்கிப் போய்விட்டார். மேல்துண்டு கதவில் மாட்டியதைக்கூடக் கவனிக்காமல் இழுத்துக்கொண்டு போனார்.

மாசி 18, சனி

பதினொன்று வரைக்கும் போகலாமா என்று யோசித்தேன். அது பேராசை. பத்தேகாலோடு ஒரு நூல் கூட வைத்து வெட்டினேன்.